அத்தை மறைந்தால் எத்தனை நாள் துக்கம்?

தாயோ தந்தையோ இறந்துவிட்டால் விடுப்பு விண்ணப்பத்தில் காரணம் எழுதுவது எளிது. மேலாளர் மறுபேச்சுப் பேசுவதில்லை. அத்தை இறந்தார், சித்தி இறந்தார், பெரியம்மா இறந்தார் என்று எழுதும்போதுதான் கேள்வி பிறக்கிறது: "காலையில் போய் மாலையை வைத்துவிட்டு மதியம் வந்துவிடலாமே?" இறப்பு விடுப்பு என்று தனியே ஒன்றை அளிக்கும் நிறுவனங்களிலும் அது பெரும்பாலும் பெற்றோர், வாழ்க்கைத்துணை, பிள்ளைகள், உடன்பிறந்தோர் என்ற வட்டத்தோடு நின்றுவிடுகிறது. மருத்துவமனைப் படிவங்களிலும் இதன் சாயலைக் காணலாம். 'நோயாளிக்கு உறவுமுறை' என்ற கட்டத்தில் கணவர், மகன், மகள் என்று எழுதுவோர் தயங்குவதில்லை. 'அண்ணன் மகன்' என்று எழுத வேண்டியவர் மட்டும் பேனாவை நிறுத்தி, "இது போதுமா, சார்?" என்று கேட்கிறார்.

போதும் என்பதே எங்கள் கருத்து. அத்தையின் மறைவும் ஒரு முழுமையான துக்கம். அதிலும், முன்பு நேர்ந்த சாவுகளில் எல்லாரையும் தாங்கிப் பிடித்த ஓர் அத்தை மறையும்போது, அக்குடும்பம் ஒருவரை மட்டும் இழப்பதில்லை. துக்கத்தைத் தாங்குவதற்கென்று அதனிடம் இருந்த ஏற்பாட்டையே இழக்கிறது. இதயநோய்ப் பிரிவில் பணியாற்றும் மருத்துவர்களாகிய எங்களுக்கு இதில் உள்ள அக்கறை வெறும் உணர்ச்சி சார்ந்ததன்று. அதற்குரிய காரணத்தைப் பின்னர்ச் சொல்கிறோம்.

சேலம், நாமக்கல் சமவெளியில் அத்தை என்பவர் எட்டத்து உறவினர் அல்லர். கொங்கு வேளாளர் திருமணங்களில் மணமகனின் சகோதரியை முன்னிறுத்தி நடைபெறும் இணைச்சீரை வாசகர்கள் பலரும் பார்த்திருப்பீர்கள். திருமணமாகிச் சென்றாலும் பிறந்த வீட்டோடு அவளுக்குள்ள பிணைப்பு அறாது என்று பெரியோர் அதற்கு விளக்கம் சொல்வர். மணமேடையில் உடன்பிறந்தாளாக நிற்கும் அப்பெண்தான் அடுத்த ஆண்டு பிறக்கும் குழந்தைக்கு அத்தை. மற்றச் சமூகங்களிலும் பெயர்சூட்டு, பூப்பு நன்னீராட்டு எனச் சீர் செய்யும் இடங்களிலெல்லாம் அத்தைக்கு ஒரு மணை உண்டு. இன்பத்துக்கு முன்வரிசையில் அமர்த்தப்படும் உறவைத் துன்பக் கணக்கில் மட்டும் எப்படிப் பின்வரிசைக்குத் தள்ள முடியும்?

இப்பகுதியின் தொழில்களும் அத்தைமாரின் சுமையைக் கூட்டியுள்ளன. நாமக்கல், சங்ககிரி லாரிகளில் செல்லும் ஓட்டுநர்கள் வடமாநிலங்களுக்குப் போனால் திரும்ப வாரக்கணக்கில் ஆகும். திருச்செங்கோட்டு ஆழ்துளைக் கிணற்று வண்டிகளோடு போகிறவர்கள் மாதக்கணக்கில் வீடு காண்பதில்லை. வீட்டில் ஒரு முதியவர் கீழே விழுந்தால், மகனுக்குச் செய்தி சொல்லிவிட்டு, அவன் வந்து சேரும் வரை நிலைமையைக் கையில் எடுத்துக்கொள்ள ஒருவர் வேண்டும். பக்கத்து ஊரில் வாழ்க்கைப்பட்ட அத்தையே பெரும்பாலும் அந்த ஒருவர். தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் இரவெல்லாம் உட்கார்ந்திருக்கும் பெண்களில் நோயாளியின் மனைவி யார், தங்கை யார் என்பது எங்களுக்கு இரண்டாம் நாள்தான் பிடிபடும். மருந்துச் சீட்டைக் கையில் வைத்திருப்பவர் தங்கை. அழ நேரம் இல்லாதவரும் அவர்தான்.

எங்கள் வீட்டிலும் அப்படி ஓர் அத்தை இருந்தார். தந்தையின் தங்கை; திருச்செங்கோட்டுப் பக்கம் வாழ்க்கைப்பட்டவர். நாங்கள் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த காலத்தில் தந்தை இறந்தார். தகவல் கிடைத்த அன்றே வந்த அத்தை 45 நாள் தங்கினார். இறந்தவர் அவருக்கு அண்ணன் என்பதே எங்களுக்கு அப்போது உறைக்கவில்லை. எருமைக்குத் தீவனம் வைத்தார். சொசைட்டிக்குப் போக வேண்டிய பாலைத் தவறாமல் அனுப்பினார். சாவு வீட்டில் அடுப்பு மூட்டாத நாள்களில் உறவினர் கொண்டுவந்த சோற்றில் சர்க்கரை நோயுள்ள பாட்டிக்கு எது ஆகும், எது ஆகாது என்று பிரித்து வைத்தார். இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. வாரிசுச் சான்றுக்காக எங்கள் தாயைத் தாலுகா அலுவலகத்துக்கு அழைத்துச் சென்றவரும் அவரே. "அழுவறதுக்கு நாள் கெடக்குது கண்ணு, மொதல்ல ரெண்டு வாய் சாப்புடு" என்பார். பாட்டி மறைந்தபோதும் அதே குரல், அதே சொல். 2021 மே மாதம் குடும்பத்தில் இன்னொரு சாவு நேர்ந்து, ஊரடங்கினால் யாரும் யார் வீட்டுக்கும் போக இயலாமல் தவித்தபோது, அவர் நாள்தோறும் காலை 7 மணிக்குத் தொலைபேசியில் அழைத்து, ஒவ்வொருவரும் என்ன சாப்பிட்டோம் என்று கேட்டார். துக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்டதில்லை.

அவர் மறைந்தபோது பிறந்த வீட்டுக் கோடி எடுக்க வேண்டிய கடமை அண்ணன் பிள்ளைகளாகிய எங்களுடையது. இளம்பிள்ளைச் சேலைகள் அடுக்கியிருந்த கடையில் நின்றுகொண்டிருந்தோம். எந்த நிறத்தில் எடுப்பது, சேலையோடு வேறென்ன வைப்பது, வீட்டுக்குள் அதை முதலில் யார் ஏந்திச் செல்வது என்பது எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. அதுவரை நடந்த எல்லாச் சாவுகளுக்கும் அதையெல்லாம் சொன்னவர் அவர்தான். எங்களில் இளையவர், அத்தையிடமே கேட்டுவிடலாம் என்று கைப்பேசியை எடுத்துவிட்டார்.

பின்னர் உறக்கம் கெட்டதும் அந்த இளையவருக்குத்தான். வியப்பு என்னவென்றால், அவருடைய கனவில் வந்தவர் அத்தை அல்லர். 30 ஆண்டுகளுக்கு முன் மறைந்த தந்தை. இதற்குப் பேய் பிசாசு என்று பொருள் கொள்ள வேண்டியதில்லை. பிள்ளைப் பருவத்தில் அழாமல் விட்ட அழுகையை அத்தை வாங்கி வைத்திருந்தார். அவர் இருக்கும் வரை அது அவர் பொறுப்பில் இருந்தது. அவர் போனதும் உரியவரிடம் திரும்பி வந்துவிட்டது. தாங்கியவர் மறையும்போது பழைய துக்கங்கள் இவ்வாறு எழுந்து வருவது இயல்பு. "அத்தைக்கா இத்தனை?" என்று கேட்பவர்களுக்கு இந்தக் கணக்கு தெரியாது.

நம் நாட்டு வரலாற்றிலும் இத்தகைய சித்திகள் உண்டு. அவர்களைப் பற்றி நாம் பேசுவது குறைவு. சகோதரி சுப்பலட்சுமி என்று அறியப்பட்ட ஆர்.எஸ். சுப்பலட்சுமியின் (1886–1969) பெயரைப் பலர் கேள்விப்பட்டிருக்கலாம். சிறுமியாக மணமுடித்து, சில காலத்திலேயே கணவனை இழந்தவர். தலையை மழித்து மூலையில் உட்கார வைக்காமல் பெற்றோர் அவரைப் படிக்க வைத்தனர். 1911 இல் சென்னை மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்று, 1912 இல் எழும்பூரில் தம் வீட்டிலேயே நான்கு இளங்கைம்பெண்களைச் சேர்த்துக்கொண்டு கல்விப்பணி தொடங்கினார். இவை பாடநூலுக்குப் போன செய்திகள். அவ்வீட்டில் தாயின் தங்கையான வாலாம்பாள் என்ற சித்தி இருந்தார், அவரும் கைம்பெண்ணே. மூத்தவளின் பெண்ணுக்கு நேர்ந்த துயரத்தைத் தாமும் பட்டவர் என்பதால் ஆறுதல் சொல்ல அவருக்குச் சொற்கள் தேவைப்பட்டிருக்காது. விடுதிப் பிள்ளைகளின் சமையலும் பராமரிப்பும் அந்தச் சித்தியின் தோளில் இருந்தன. நிறுவனம் அக்காவின் மகளுடைய பெயரால் அறியப்படுகிறது, அது நியாயமே. ஆயினும் தாய்வீடு துக்கத்தில் முழுகிப் போகாமல் நின்றதற்கு அடுக்களையில் இருந்த ஒருவரின் உழைப்பும் காரணம் என்று அவ்வரலாற்றைப் படிக்கும் எவருக்கும் தோன்றும். (அக்காவின் மகளை மகள் என்று சொல்வதா, பெறாமகள் என்பதா என்று சிலர் தடுமாறுவர். நம் மொழியில் சித்திக்கு அவள் மகள்தான். துக்கத்திலும் அப்படியே கொள்வதில் தவறில்லை.)

மருத்துவ உலகத்துக்கு நெருங்கிய இன்னொரு சான்று அடையாறு புற்றுநோய் மருத்துவமனை. நம் பகுதியிலிருந்து அங்கே சென்று வந்தவர்கள் பலர். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை 1923 இல் மலக்குடல் புற்றுநோயால் இறந்தார். முதலில் அது சீதபேதி என்று கருதப்பட்டது. அந்த இழப்பு முத்துலட்சுமியின் மனத்தை விட்டு அகலவில்லை. 1954 இல் அம்மருத்துவமனை செயல்படத் தொடங்கியது. அதைப் பல்லாண்டுகள் கட்டி வளர்த்தவர் அவருடைய மகன் டாக்டர் எஸ். கிருஷ்ணமூர்த்தி. அவர் நிலையிலிருந்து பார்த்தால், 1923 இல் இறந்தவர் அவருடைய சித்தி. பெரிய மருத்துவமனை ஒன்றின் தொடக்கத்தில் ஒரு சித்தியின் சாவு இருக்கிறது என்பதை நோயாளிகளும் உடனிருப்போரும் அறிந்திருப்பது நல்லது.

இனி, நாங்கள் சொல்வதாகக் கூறிய மருத்துவக் காரணம். பிரிவுத் துயரம் இதயத்தைத் தாக்குமா என்ற ஆராய்ச்சி புதிதன்று. பிரிட்டனில் 1969 இல் காலின் மரே பார்க்ஸும் அவருடைய குழுவினரும் மனைவியை இழந்த 4,486 ஆண்களைத் தொடர்ந்து கவனித்து வெளியிட்ட ஆய்வு புகழ்பெற்றது; முதல் ஆறு மாதங்களில் அவர்களிடையே இறப்பு எதிர்பார்க்கப்பட்ட அளவைவிட 40 விழுக்காடு மிகுந்திருந்தது. அந்த ஆய்வு வாழ்க்கைத்துணையை மட்டுமே எண்ணியது. அமெரிக்காவில் மாரடைப்பிலிருந்து மீண்ட 1,985 பேரை வைத்து 2012 இல் வெளியான ஆய்வோ வேறு விதமாகக் கேட்டது: உங்கள் வாழ்வில் முக்கியமான ஒருவர் அண்மையில் இறந்தாரா? கணவன், மனைவி என்ற கட்டுப்பாடு இல்லை. அத்தகைய இறப்பு நேர்ந்த முதல் 24 மணி நேரத்தில் மாரடைப்புக்கான வாய்ப்பு வழக்கத்தைவிட ஏறத்தாழ 21 மடங்காக இருந்தது. பிறகு நாளுக்கு நாள் குறைந்தது. எண்ணைப் பார்த்து அஞ்ச வேண்டாம். இதய அபாயம் ஏற்கெனவே மிகுந்தவர்களில்கூட, அந்த முதல் வாரத்தில் கூடுதலாக ஏற்படுவது சுமார் 320 பேருக்கு ஒரு மாரடைப்பு என்று அதே ஆய்வு கணித்தது. அஞ்சத் தேவையில்லை; மாத்திரையை மறக்காமலிருக்கத் தேவையுண்டு.

ஜப்பானிய மருத்துவர்கள் 1990 இல் முதன்முதலாக விவரித்த தாக்கோட்சுபோ என்ற நோயும் இங்கே குறிப்பிடத்தக்கது. கடும் மன அதிர்ச்சிக்குப் பின் இதயத்தின் இடக் கீழறை திடீரென வலுவிழந்து பலூன்போல் புடைக்கிறது. ஆக்டோபஸ் பிடிக்கும் பானையின் வடிவில் தோன்றுவதால் அப்பெயர். மாதவிலக்கு நின்ற பெண்களிடம் மிகுதியாகக் காணப்படுகிறது. பெரும்பாலோர் சில வாரங்களில் தேறிவிடுகின்றனர். ஆனால் தொடக்கத்தில் நெஞ்சுவலியும் இசிஜி மாற்றமும் மாரடைப்பைப் போலவே இருக்கும். ஆகவே இழவு வீட்டில் ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டால், "துக்கத்துல அடைக்குது" என்று சோடா கொடுத்து உட்கார வைக்காதீர்கள். அது மாரடைப்பா இல்லையா என்று சொல்ல வேண்டியது பரிசோதனை. 108 ஐ அழையுங்கள்.

இந்த ஆபத்து உறவுமுறைப் படிவத்தைப் பார்த்து வருவதில்லை. 1989 இல் அமெரிக்க அறிஞர் கென்னத் டோக்கா, சமூகம் ஏற்க மறுக்கும் துக்கத்துக்கு ஒரு பெயர் வைத்தார். தமிழில் அதை உரிமை மறுக்கப்பட்ட துயரம் எனலாம். வெளிப்படையாக அழ முடியாதவர், விடுப்புக் கேட்க முடியாதவர், "உனக்கென்ன, பெற்ற தாயா?" என்று கேட்கப்படுபவர் ஆகியோர் துக்கத்தை உள்ளே வைத்துக்கொண்டு வேலைக்குப் போகின்றனர். கோழிப்பண்ணையிலோ விசைத்தறிக் கூடத்திலோ நாள்கூலிக்குப் போகிறவருக்கு விடுப்பு என்ற பேச்சே இல்லை. அவர் எங்களிடம் வரும்போது துக்கம் என்று சொல்லி வருவதில்லை. சர்க்கரை கூடிவிட்டது, தூக்கம் வரவில்லை, மூச்சு அடைக்கிறது என்றே வருகிறார்.

இங்கே நம் பழைய வழக்கங்களுக்கு ஆதரவாக ஒன்று சொல்ல வேண்டும். பதினாறாம் நாள் காரியத்தை மூன்றாம் நாளிலேயே முடித்துவிடுவது இப்போது பரவிவருகிறது. வெளியூரிலும் வெளிநாட்டிலும் வேலை பார்க்கும் பிள்ளைகளின் வசதிக்கு அது தேவைப்படலாம். நாங்கள் குறை கூறவில்லை. ஆனால் நெருங்கிய வாரிசுகளுக்குச் சடங்கு சுருங்கும்போது, அண்ணன் மகன், அக்காள் மகள் போன்றோருக்கு ஏறக்குறைய ஒன்றுமே எஞ்சுவதில்லை. ஒப்பாரியும், நாள் கணக்கில் வந்துபோன துக்கம் விசாரிப்பும் அவர்களுக்கும் இடம் தந்தன. ஒப்பாரியில் இறந்தவர் எல்லாருக்கும் ஏதாவது ஒரு முறையில் உறவு; பாடுகிறவர் தம் பழைய சாவுகளையும் அதில் சேர்த்து அழுதுவிடுவார். ஒலிபெருக்கி கட்டிப் பதிவு செய்த பாட்டைப் போட்டால் அந்த வேலை நடக்காது என்பது எங்கள் உறுதியான எண்ணம். வழக்கத்தைச் சுருக்க நேர்ந்தால், விசாரிப்பையாவது நீட்டலாம். மூன்றாம் மாதத்தில் ஒரு முறை, ஆறாம் மாதத்தில் ஒரு முறை, மருமகன் வீட்டுக்கும் ஒருவர் போய், "அத்தை இல்லாம எப்படி இருக்கறீங்க?" என்று கேட்கட்டும்.

உயிரோடிருக்கும் அத்தைமாரைப் பற்றியும் ஒரு சொல். கோவிட் இரண்டாம் அலையில் பெற்றோர் இருவரையும் இழந்த குழந்தைகளுக்கு 5 இலட்ச ரூபாய் வைப்பீட்டை 2021 மே மாதம் அறிவித்த தமிழ்நாடு அரசு, அவர்களை வளர்க்கும் உறவினருக்கு மாதம் 3,000 ரூபாய் என்றும் அறிவித்தது. உறவினர் என்ற அச்சொல்லுக்குள் எத்தனையோ அத்தைகளும் சித்திகளும் இருக்கின்றனர். மற்றவரின் பிள்ளையை வளர்ப்பது ஒரு பணி என்று அரசாணை ஒத்துக்கொண்ட அரிய தருணங்களில் அது ஒன்று. வீடுகளும் ஒத்துக்கொள்ளலாம். உங்கள் குடும்பத்தில் எல்லா நோயாளிக்கும் துணையாக வருபவர் எவரோ, அவருடைய இரத்த அழுத்தத்தை அடுத்த முறை வரும்போது பார்த்துவிடுங்கள். ஐந்து நிமிடந்தான் ஆகும். சங்கடப்படுவார், "எனக்கென்ன, நான் நோயாளியா?" என்பார். கேட்காமல் கையை நீட்டச் சொல்லுங்கள்.

அவர் மறைந்துவிட்ட வீடுகளுக்குச் சில நடைமுறைச் செய்திகள் உண்டு. அவர் செய்துவந்த வேலைகளை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். நாங்கள் எழுதியபோது இரண்டு பக்கம் வந்தது. தாயின் மாத்திரைப் பெட்டி யாரிடம், ஊரிலிருந்து சாவுச் செய்தி வந்தால் யார் யாருக்குச் சொல்வது, சண்டை போட்டுப் பேசாமலிருக்கும் இரு பங்காளிகளை ஒரே பந்தியில் யார் உட்கார வைப்பது என்று ஒவ்வொன்றாகப் பெயர் போட்டுப் பிரித்துக்கொண்டோம். ஒருவர் தலையில் மட்டும், அதிலும் வீட்டின் மூத்த மருமகள் தலையில் மட்டும், எல்லாவற்றையும் ஏற்றிவிடுவது எளிது. அதைச் செய்யாதீர்கள்.

இதயத்தில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர்கள் துக்க நாள்களிலும் ஆஸ்பிரின், குளோபிடோகிரெல் போன்ற மாத்திரைகளை ஒருவேளைகூட நிறுத்தக் கூடாது. இன்சுலின் போடுபவர்கள் இழவு வீட்டில் பட்டினி கிடந்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். அடுப்பு மூட்டாத வீடாயினும் பக்கத்து வீட்டில் இரண்டு இட்லி கேட்பதில் தீட்டு ஏதும் இல்லை. இடுகாட்டு வெயிலில் நீண்ட நேரம் நிற்கும் முதியவர்களுக்குத் தண்ணீர் கொடுங்கள்.

எத்தனை நாள் துக்கம் என்பதற்கு மருத்துவம் கொடுக்கும் விடை தாராளமானது. உலக சுகாதார நிறுவனத்தின் 2022 முதல் நடைமுறையில் உள்ள நோய் வகைப்பாடு, குறைந்தது ஆறு மாதம் கடந்தும் ஏக்கம் தணியாமல், அன்றாட வாழ்வையே முடக்கும் துயரத்தைத்தான் சிகிச்சை தேவைப்படும் நிலையாகக் கொள்கிறது. அதிலும் அந்தந்தச் சமூகத்தின் வழக்கத்தைக் கணக்கில் கொள்ளச் சொல்கிறது. இறந்தவர் என்ன முறை என்று அது கேட்கவில்லை. அவ்வளவு நாள் காத்திருக்க வேண்டும் என்பதும் இல்லை. உறங்க முடியவில்லை, சாகத் தோன்றுகிறது, குடி கூடிவிட்டது என்றால் அன்றைக்கே 14416 என்ற டெலி மனஸ் எண்ணை அழைக்கலாம். கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.

அடுத்த முறை வெளிநோயாளர் பிரிவில் எங்கள் எதிரே அமரும்போது, கடந்த ஓராண்டில் வீட்டில் சாவு நேர்ந்ததா என்று கேட்போம். "நெருங்கிய சொந்தம் யாரும் இல்லை, அத்தைதான்" என்று சொல்லிவிட்டுக் கடந்துவிடாதீர்கள். எந்த மாதம் என்பதையும் சொல்லுங்கள். எழுதிக்கொள்ளச் சீட்டில் இடம் இருக்கிறது.